பதினெட்டாம் எண் பாவனைப் பிணம்

எங்கள் அணுமின் நிலைய ஊரான கமென்னி முனையில் அணு விபத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். அக்டோபர் மாதம் முதல் வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு. பதினைந்து நாள் முன்னதாகவே படிக்கட்டுச் சுவரில் பட்டியல் ஒட்டிவிடுவார்கள். யார் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று பெயரோடு போட்டிருக்கும். போன அக்டோபரில் எங்கள் கட்டடத்திலிருந்து மூன்று பேர். கீழ்வீட்டுப் புவியியல் வாத்தியாருக்குக் கால் முறிவு, கடும் ரத்தப்போக்கு. என் மனைவி ரிம்மாவுக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம். எனக்குச் சாவு.

முறைப்படி சொன்னால் பாவனைச் சாவு. அணுமின் நிலைய நிர்வாகத்துக்கு இந்தப் 'பாவனை' என்ற சொல்மேல் அப்படி ஒரு பிரியம். பாவனைக் கசிவு, பாவனைத் தீ, பாவனைக் காயம். காற்றுக்கூடப் பாவனைதான். தலைநகரிலிருந்து மூன்று மாதம் முன்பே காகிதத்தில் வந்துவிடும். அன்றைக்குக் காகிதத்தில் காற்று வடக்கிலிருந்து அடித்தது, அதனால் ஊர் முழுக்க வடக்கே ஓடித் தப்பித்தது. நிஜக் காற்று தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அது பட்டியலில் இல்லை.

நான் டர்பைன் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் செம்யோன் லுகீச், ரிம்மாவுக்குச் சேன்யா. சொன்னதைச் செய்கிற ஆள் என்று எனக்கு நிலையத்தில் நல்ல பெயர். அந்த நல்ல பெயர் நாசமாய்ப் போக.

பாவனைப் பிணங்களுக்கு விதிகள் உண்டு. கண்ணைத் திறக்கக்கூடாது. அசையக்கூடாது. பேசக்கூடாது. முதல் சங்கு ஊதியதும் படுத்தால் மூன்றாவது சங்கு ஊதும்வரை எழுந்திருக்கக்கூடாது. அதற்கு முந்தின வருஷம் நான் தும்மிவிட்டேன். பக்கத்தில் மதிப்பெண் அட்டையோடு ஒரு மதிப்பீட்டாளர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. மறுவாரம் கலாச்சார மாளிகையில் கூட்டம் போட்டு, நகரப் பாதுகாப்புத் துறைத் தலைவர் வலேரியன் சுபாரவ் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நானூறு பேர் முன்னால், ஒரு பிணத்தின் அலட்சியத்தால் நம் ஊர் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டது என்றார். ரிம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் யாரும் குறை சொல்லாதபடி செத்துக் காட்டுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரிம்மா அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டே இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சேன்யா, இன்னிக்கு நான் வரலையே. கையெல்லாம் கனக்குது. நெஞ்சை என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு."

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டேதான் பதில் சொன்னேன். "பட்டியல்ல பேரு போயாச்சு. வரலைன்னா மருத்துவச் சீட்டு கேப்பாங்க. ஆஸ்பத்திரி இன்னிக்குப் பயிற்சிக்காக மூடியிருக்கு. சீட்டு யாரு குடுப்பா? சும்மா படுக்கத்தானே போறே. இங்க படுத்தா என்ன, அங்க படுத்தா என்ன?"

"உனக்கென்ன, நீ செத்தவன். எனக்குத்தான் முனகுற வேலை" என்றாள்.

அப்புறம் அவளே பழைய கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயிற்சி பிடிக்கும். இருபத்தாறு வருஷம் மழலையர் பள்ளியில் சமையல் செய்தவள். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் நாடகக் குழுப் பெண்கள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு ஏதாவது பூசிவிடுவார்கள். மாவும் பீட்ரூட் ஜாமும் கலந்து கழுத்திலும் கையிலும் தீக்காயம் வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம் வையுங்கள் என்று கேட்டாள். அவள் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, யார் இவ்வளவு நன்றாகப் பவுடர் போட்டது என்று ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் எண் பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். சிவப்பு என்றால் முதலில் தூக்க வேண்டியவர். மஞ்சள் அடுத்தது. பச்சை தானே நடந்து போக வேண்டும். கறுப்பு என்றால் பிணம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ரிம்மாவுக்கு மஞ்சள். எனக்குக் கறுப்பு, எண் பதினெட்டு. புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் படுக்கலாமா என்று ஒரு விவாதம் வந்தது. விதிகளில் தடை இல்லை என்று கண்டுபிடித்து அனுமதித்தார்கள். கோல் கம்பத்துக்கு அருகில் ஊரின் ஒரே இதயச் சிகிச்சை வண்டி நின்றது. அதன் கண்ணாடியில் 'பாவனையாகச் சேதமடைந்தது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஓட்டுநர் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

முதல் சங்கு ஊதியது. நான் கண்ணை மூடினேன்.

ஒலிபெருக்கியில் சுபாரவ் தொடங்கினார். விருந்தினர்கள் வந்திருந்தால் விபத்து நடக்கும்போதே அவர் பேசுவது வழக்கம். "மதிப்புக்குரிய தோழர்களே, பதினோரு வருஷமா இந்த மைதானத்துல ஒருத்தர்கூட நிஜமா சாகலை. இது தானா நடந்ததில்லை, நம்ம தயார்நிலையால நடந்தது. சிலர் கேக்கறாங்க, நிஜமா ஒண்ணு நடந்தா என்ன பண்ணுவீங்கன்னு. நான் அவங்களுக்குச் சொல்றேன், நிஜத்துல ஒழுங்கு கிடையாது. நேரத்துக்கு வராது, பட்டியல்படி நடக்காது. அத நம்பி நாம எப்படி ஒரு ஊரை நடத்த முடியும்?"

கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ரிம்மா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். "சேன்யா, வலிக்குது."

நான் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் சொன்னேன். "தீக்காயம்னா வலிக்கத்தான் செய்யும். முனகு."

"அது இல்ல. நெஞ்சு."

உன் அட்டையில் நெஞ்சு போடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. மதிப்பீட்டாளர் எங்கள் தலைமாட்டில் வந்து நின்றார். அவர் பேனாவை அழுத்துகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டேன். ரிம்மா வேகவேகமாக மூச்சு வாங்கினாள். இந்த அம்மா பிரமாதமாகப் பண்ணுகிறார்கள், தலைநகரில்கூட இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை என்று அந்த மனிதர் யாரிடமோ சொன்னார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது.

"சேன்யா" என்றாள்.

நான் பேசவில்லை. பூட்ஸ் அங்கேயே நின்றது.

"சேன்யா." என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெயரில் பாதிதான் வந்தது. கை என் சட்டையிலிருந்து விழுந்தது. சரி, களைத்துவிட்டாள், கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தும்மல் வந்துவிடக்கூடாது என்றுதான் நினைத்திருப்பேன்.

ஸ்ட்ரெச்சர்காரர்கள் முதலில் சிவப்பு அட்டைகளைத் தூக்கினார்கள். எட்டுப் பேர். புவியியல் வாத்தியாரைத் தூக்கியபோது, கடும் ரத்தப்போக்கோடு அவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, மெதுவாய்யா, இடுப்பு நிஜமாகவே வலிக்கிறது என்று திட்டியது கேட்டது. அப்புறம்தான் மஞ்சளுக்கு வந்தார்கள். வந்தது ஜான்னா, மருத்துவ உதவியாளர். சின்ன வயதில் ரிம்மா கையால் கஞ்சி குடித்து வளர்ந்த பெண்.

"ரிம்மா அத்தை, கையைக் கொடுங்க. அத்தை?" அப்புறம் அவள் குரல் மாறியது. "அத்தை!"

அப்போதுதான் நான் கண்ணைத் திறந்தேன். ரிம்மாவின் உதடு நீலமாக இருந்தது. பீட்ரூட் ஜாம் அப்படியே சிவப்பாக இருந்தது. நான் எழுந்து முழங்காலில் நின்று, இது நிஜம், இது நிஜம் என்று கத்தினேன். மதிப்பீட்டாளர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நாடி கிடைக்கவில்லை, அந்த வண்டி உடனே வேண்டும் என்றாள் ஜான்னா. தன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரிம்மாவின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். நான் கோல் கம்பத்துக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஓடினேன். ஓட்டுநர் நல்ல மனுஷன், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். வண்டி பாவனையாகச் சேதமடைந்திருக்கிறது, பாவனையாகப் பழுது பார்க்க நாற்பது நிமிஷம் என்று கால அளவு இருக்கிறது, அதற்கு முன் நகர்த்தினால் நான் பொய்யாகப் பழுது பார்த்ததாக ஆகிவிடும், மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டால் இந்த நிமிஷமே எடுக்கிறேன் என்றார். மதிப்பீட்டாளரிடம் ஓடினேன். அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். கறுப்பு அட்டைக்காரரிடமிருந்து தகவல் வாங்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

ரிம்மாவிடம் ஓடி வந்தேன். ஜான்னா ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் அவசர எண்ணுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

"பாவனையா, நிஜமா?"

"நிஜம். நெஞ்சு வலி. பள்ளிக்கூட மைதானம்."

"பயிற்சி நேரத்துல நிஜமான சம்பவம்னா ரகசியச் சொல் சொல்லணுங்க."

"என்ன சொல்லு?"

"அது எனக்கும் தெரியாதுங்க. உறையில இருக்கும். நீங்க சொன்னா நான் உறையைப் பிரிச்சு ஒத்துப் பாப்பேன்."

ரகசியச் சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். சுபாரவ் ஐயாவுக்கு மட்டும் என்றாள். சுபாரவ் மேடையில் இருந்தார். நம் ஊரில் எந்த மூலையிலிருந்தும் நான்கு நிமிஷத்தில் உதவி வந்துவிடும் என்று ஒலிபெருக்கியில் விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மேடைப்படியில் இரண்டு இளைஞர்கள் என்னைத் தடுத்தார்கள். பேச்சு முடியட்டும் தாத்தா, இன்னும் இரண்டு பக்கம்தான் என்றார்கள். நான் கெட்ட வார்த்தை சொன்னேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. விருந்தினர்களில் ஒரு பெண்மணி என்னைப் படம் எடுத்தாள். பாதிக்கப்பட்டோரின் மனக்கலக்கம் நல்ல தத்ரூபம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னாள்.

ஊருக்கு வெளியே, மாவட்ட நகரத்தில், பெரிய இதய ஆஸ்பத்திரி இருக்கிறது. அரை மணி நேர வழி. ஜான்னா அங்கேயும் பேசினாள். அவர்கள் வண்டியைக் கிளப்பியும்விட்டார்கள். ஆனால் எங்கள் ஊருக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அது சாதாரண நாளில். அன்றைக்கோ சோதனைச் சாவடிக்கு உள்பக்கம் பாவனைக் கதிர்வீச்சு பரவிவிட்டிருந்தது, யாரையும் உள்ளே விடக்கூடாது. அந்த வண்டி குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றதாம். காவலாளி மன்னிப்புக் கேட்டானாம். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன், உள்ளே வந்தால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்றானாம்.

நான் திரும்பி வந்தபோது ஜான்னா இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் மூக்கிலிருந்து நீர் வடிந்து ரிம்மாவின் கோட்டில் சொட்டியது. பக்கத்துப் பச்சை அட்டைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி ரிம்மாவின் தலைக்கு அடியில் வைத்தார். ஒன்று முப்பத்தெட்டுக்கு ஜான்னா நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்துக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்புறம் மறுபடி நிறுத்தினாள்.

இடையில் ஒருவன் வந்து ரிம்மாவின் கழுத்திலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றிக்கொண்டு போனான். மஞ்சள்களைச் சிகிச்சைக் கூடாரத்தில் சேர்க்க ஒன்று நாற்பத்தைந்துவரைதான் கெடு. ஆள் வர முடியாத நிலையில் அட்டையையாவது சேர்த்துவிடலாம் என்று கூடாரத்தில் சொன்னார்களாம். அட்டை போய்ச் சேர்ந்தது. பாவனைத் தீக்காயத்துக்குப் பாவனைச் சிகிச்சை கொடுத்தார்கள். அது பிழைத்துக்கொண்டது.

இரண்டு மணிக்கு மூன்றாவது சங்கு ஊதியது. மைதானத்தில் கிடந்த பிணங்கள் எல்லாம் எழுந்தன. முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு, கால் மரத்துவிட்டது என்று நொண்டிக்கொண்டு, கிரேச்கா என்கிற தானியக் கஞ்சிக்கும் டின் பாலுக்கும் வரிசையில் போய் நின்றன. நான் ரிம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுந்திருக்கிறார்களே, இவளும் எழுந்திருப்பாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் காத்திருந்தேன்.

அவளைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். வெளியூரில் இருக்கும் அவள் தங்கை வரவில்லை. வர வேண்டுமென்றுதான் வியாழன் இரவே விண்ணப்பம் போட்டாள். சாவுக்கு வர முப்பது நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். இந்த முறை விசேஷ சலுகையாக எட்டாம் நாள் அனுமதி கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் சுபாரவ் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். தானே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மேசைமேல் பயிற்சி அறிக்கை இருந்தது. பாவனைக் காயமடைந்தோர் நாற்பது, காப்பாற்றப்பட்டோர் நாற்பது. ஊருக்கு இரண்டாம் இடம். வரிசையை விட்டு வெளியேறி ஒரே நோயாளியிடம் நேரத்தைச் செலவிட்டதற்காக ஜான்னாவுக்குக் கண்டனம். அந்தக் கண்டனத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

"செம்யோன் லுகீச், ஒரே ஒரு கேள்விதான். வலிக்குதுன்னு அவங்க முதல்ல எப்போ சொன்னாங்க?"

"காலைல ஏழு மணிக்கு."

அவர் முகம் தெளிந்தது. பாவம், பத்து நாளாகத் தூங்கியிருக்கமாட்டார் போலிருக்கிறது. "அப்போ பயிற்சி ஆரம்பிக்கவே இல்லையே! இது வீட்டுல வந்த நோய். பயிற்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பாருங்க, யார் மேலயும் தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல."

அதை எழுதி என் பக்கம் திருப்பினார். மனைவி காலை ஏழு மணியிலிருந்தே உடல்நலம் சரியில்லாதிருந்தார் என்று நான் சொல்வதாக இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'என்னை மூன்று தடவை கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை.'

சுபாரவ் படித்தார். படிவத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு புதிதாக ஒன்று எடுத்து வைத்தார்.

"இது வேண்டாமே. உங்களுக்குத்தான் கஷ்டம்."

நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி புதுசு எடுத்தார். மூன்றாவதிலும் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. சுபாரவ் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்யா இப்படிப் பண்றீங்க? இத எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அவ கூப்பிட்டா. அது எங்கயாவது இருக்கணும்."

"நான் இல்லேன்னு சொல்லலியே. ஆனா இத ஏத்துக்க எனக்கு வழி இல்ல." அவர் பயிற்சிப் பதிவேட்டைப் பிரித்து விரலால் காட்டினார். நிஜமாகவே வருத்தத்தோடுதான் காட்டினார். "இங்க பாருங்க. பன்னிரண்டு நாப்பதுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் பதிவுப்படி நீங்க இறந்துட்டீங்க. அந்த நேரத்துல காதுல விழுந்ததுக்கு உங்க சாட்சி செல்லாது. நான் சேத்தாலும் மேல அடிச்சுடுவாங்க. காலை ஏழு மணிக்கு நீங்க உயிரோட இருந்தீங்க, அது செல்லும்."

நான்காவது படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டேன். எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. நல்ல ஒழுங்கான ஆள் என்று அவர் என் தோளில் தட்டினார். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு நடந்தேன். நான்கு மாடியும் ஏறி, கதவைத் திறந்து, கோட்டைக் கழற்றாமல் நடையில் நின்றேன். அடுப்படியில் விளக்கு எரியவில்லை.

"என்ன ரிம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவையும் கேட்டேன்.